வீட்டை இழுத்துக்கொண்டு போன யானை

கல்கத்தாவிலிருந்து ஒரு யானை கிளம்புகிறது. சாதாரண யானை இல்லை. முழுக்க இரும்பு. தும்பிக்கை வழியாகப் புகை கக்குகிறது, வயிற்றுக்குள் கொதிகலன் கொதிக்கிறது. அதன் பின்னால் சங்கிலிபோல இரண்டு வீடுகள். ஒன்றில் எஜமானர்களுக்குக் கூடமும் படுக்கையறைகளும். இன்னொன்றில் சமையலறையும் வேலைக்காரர்களும். ஜன்னலைத் திறந்தால் ஒருநாள் வயல்வெளி, மறுநாள் காடு. வீடு மட்டும் அதேதான்!

பயப்படாதீர்கள், இது கதை. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1880-ல் வெளியிட்ட 'நீராவி வீடு' என்ற நாவல். மனிதர் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. ஆனால், தன் 'ஓடும் வீடு' எங்கே ஓடினால் நன்றாக இருக்கும் என்று யோசித்தவருக்குத் தோன்றிய இடம் நம்ம நாடு!

இன்றைக்கு நமக்கு 'கேரவன்' என்றால் என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ மேக்கப் போடுகிற வண்டி. வெளியே ஜெனரேட்டர் உறுமும். உள்ளே ஏ.சி. குளிரும். 'சார் கேரவன்ல இருக்கார்' என்று அசிஸ்டென்ட் கிசுகிசுப்பார். ஆனால், இந்தச் சக்கர வீட்டின் உண்மைக் கதை அவ்வளவு குளுகுளு கதை இல்லை. தண்ணீர், கரன்ட், கக்கூஸ், தூக்கம்... இந்த நான்கையும் ரோட்டில் எங்கிருந்து கொண்டுவருவது என்ற கதை. மாதவரத்துக்காரர்களைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். ஏன் என்று போகப் போகப் பார்க்கலாம்.

வெர்ன் எழுதி ஐந்தே வருடத்தில், 1885-ல், கதை நிஜமானது. இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்று ஒரு டாக்டர். கடற்படையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பையன்களுக்கான சாகசக் கதைகள் எழுதிக் குவித்தவர். ஜிப்சிகள் வண்டியிலேயே குடும்பம் நடத்துவதைப் பார்த்து ஆசைப்பட்டார். பிரிஸ்டலில் ரயில் பெட்டி செய்கிற கம்பெனியிடம் சொல்லி, மஹாகனி மரத்தில் இரண்டு டன் எடைக்கு ஒரு வண்டி செய்துகொண்டார். பெயர், 'தி வாண்டரர்'. ஊர்சுற்றி! இரண்டு குதிரைகள் இழுக்க, இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். உல்லாசத்துக்காகவே செய்யப்பட்ட முதல் கேரவன் இதுதான் என்று சொல்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அய்யா ஊர்சுற்றத் தனியாகவா போனார்? வண்டியோட்ட ஓர் ஆள். எடுபிடிக்கு இன்னோர் ஆள். அந்த எடுபிடியின் வேலைகளில் ஒன்று, மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய், 'பெரிய வண்டி வருது, ஒதுங்குங்க' என்று எதிரே வருகிறவர்களை எச்சரிப்பது! ஆக, முதல் கேரவனிலேயே ஜாலியாகப் போகிறவர் ஒருவர், அந்த ஜாலிக்காக உழைக்கிறவர்கள் இரண்டு பேர். இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

வெர்னின் நாவலில் அந்த யானை வீட்டில் பயணம் செய்கிற ராணுவ அதிகாரியின் பெயர், கர்னல் மன்றோ. பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! நம் சென்னை அண்ணா சாலையில் சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, சர் தாமஸ் மன்றோ... அவருடைய கதையும் ஊர் ஊராகப் போன கதைதான்.

அந்தக் காலத்தில் கலெக்டர் என்றால் ஆபீஸில் ஃபைல் பார்க்கிற ஆள் இல்லை. வருடத்தில் பல மாதம் 'கேம்ப்'தான். கூடாரம், கட்டில், மேஜை, சமையல் பாத்திரம், கணக்குக் கட்டு எல்லாம் மாட்டு வண்டியில் ஏறும். ஊருக்கு வெளியே தோப்பு பார்த்துக் கூடாரம் அடிப்பார்கள். தோப்பு ஏன்? நிழல் இருக்கும், பக்கத்தில் கிணறு இருக்கும். அவ்வளவுதான் கணக்கு. மன்றோ பாராமகாலிலும் பிறகு ராயலசீமைப் பக்கமும் நிலவரி வேலை பார்த்தபோது இப்படித்தான் சுற்றினார். சென்னை மாகாண கவர்னர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1827-ல் ஊருக்குத் திரும்பப் போகிற நேரம், பழகிய ஜனங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். இன்றைய ஆந்திராவின் பத்திகொண்டாவில் காலரா பிடித்தது. ஜூலை 6-ம் தேதி இறந்துபோனார்.

ஒரு மாகாணத்தின் கவர்னர். சுற்றிலும் சேவகர்கள், டாக்டர், படை. இருந்தும், காலரா விடவில்லை. அது கெட்ட தண்ணீரில் வருகிற நோய் என்பதுகூட அப்போது யாருக்கும் தெரியாது. வீட்டை விட்டு வெளியே வாழ்கிறவனுக்கு முதல் எதிரி புலியும் இல்லை, திருடனும் இல்லை. தண்ணீர்!

அமெரிக்காவுக்கு வருவோம். 1930-கள். கார் சாமானியனின் கைக்கு வந்துவிட்ட காலம். காருக்குப் பின்னால் கோத்து இழுக்கிற டிரெய்லர் வீடுகள் காளான்போல முளைத்தன. அட்டையும் பிளைவுட்டும் வைத்து வீட்டுக் கொல்லையிலேயே செய்தார்கள். ஹாலி போலஸ் என்பவர் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். இவர், லிண்ட்பெர்க் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டினாரே, அந்த விமானத்தைக் கட்டும் வேலையில் முக்கியப் பங்கு வகித்தவர். விமானம்போலவே அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து 1934-ல் ஒரு டிரெய்லர் செய்தார். தொழில் படுத்துவிட்டது. அந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவர் வாலி பையம். 1936-ல் அவருடைய 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' வந்தது. நாலு பேர் தூங்கலாம். சொந்தத் தண்ணீர்த் தொட்டி, மின்விளக்கு. விலை 1,200 டாலர். அன்றைக்கு அது பெரிய காசு!

இந்த வெள்ளி நிற உருளைகளுக்கு இன்றும் மவுசு குறையவில்லை. துருப்பிடித்த பழைய டிரெய்லரைத் தேடிப்பிடித்து வாங்கி, காட்டிலும் மேட்டிலும் போகிற மாதிரி மாற்றி, கரன்ட் கம்பி இல்லாத இடத்தில் போய் வாழ்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பார்க்க ஜாலியாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும் சங்கதி.

முதல் பிரச்னை, உயரம். இந்த வண்டிகள் வழவழப்பான நெடுஞ்சாலைக்காகத் தாழ்வாகச் செய்யப்பட்டவை. மண் ரோட்டில் வயிறு தட்டும். பழைய மாடல்கள் பலவற்றில் ஆக்ஸில், ஸ்பிரிங் பட்டைக்கு மேலே இருக்கும். அதைப் பட்டைக்குக் கீழே மாற்றினால் வண்டி நாலைந்து அங்குலம் எழும்பும். ஆனால், உயரம் கூடினால் சாய்கிற ஆபத்தும் கூடும்.

அடுத்தது, எடை. டிரெய்லரின் மொத்த எடையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு முன்னால் கொக்கியில் இறங்க வேண்டும். பின்பக்கம் பாரம் அதிகமானால், வேகத்தில் டிரெய்லர் நாய்க்குட்டி வால்போல ஆட ஆரம்பிக்கும். நாய் வாலை ஆட்டினால் அழகு. வால் நாயை ஆட்டினால்? இழுக்கிற காரும் சேர்ந்து கவிழும்.

மூன்றாவது, அதே பழைய எதிரி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. சிக்கனமாக ஆளுக்கு நாளைக்கு 20 லிட்டர் என்றால், நாலு பேருக்கு 80. ஐந்து நாளைக்கு 400 லிட்டர். அதாவது 400 கிலோ! ஒரு மாட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம். அதனால் தொட்டியைத் தரைக்கு ஒட்டி, ஆக்ஸிலுக்கு நேர்மேலே வைப்பார்கள்.

நாலாவது, கரன்ட். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 1,200 வாட்-மணி இருக்கும். பழைய ஈயப் பேட்டரியாக இருந்தால் பாதிக்கு மேல் உறிஞ்சினால் சீக்கிரம் செத்துவிடும். ஆகவே கைக்கு வருவது 600. நம் வீட்டு சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். எட்டு மணி நேரம் ஓடினால் 600. முடிந்தது கணக்கு! ஒரு ராத்திரி ஃபேனுக்கே ஒரு பேட்டரி காலி. லைட் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. அதனால்தான் கூரையில் சோலார் தகடு, சன்னமாகக் கரன்ட் குடிக்கிற ஃபேன், லித்தியம் பேட்டரி என்று தேடிப் போகிறார்கள்.

இதெல்லாம் இல்லாத காலத்திலேயே வாலி பையம் ஒரு காரியம் செய்தார். 1959-ல் 41 ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆப்பிரிக்காவின் தென்கோடி கேப் டவுனிலிருந்து வடகோடி கெய்ரோ வரை கிளம்பினார். பல இடங்களில் ஒழுங்கான ரோடே கிடையாது. சேற்றில் புதைந்தன, ஆற்றில் சிக்கின. எத்தியோப்பியச் சக்கரவர்த்தி ஹைலே செலாஸியே வந்து அந்த வண்டிகளைப் பார்த்துவிட்டுப் போனார். 1960-ல் பிரமிடுகளுக்கு முன்னால் வெள்ளிப் புழுக்கள் மாதிரி டிரெய்லர்கள் வரிசைகட்டி நின்றன.

அதைவிடப் பெரிய கௌரவம் 1969-ல். நிலவில் நடந்துவிட்டு வந்த ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், கூடப் போன காலின்ஸ் மூவரும் ஏதாவது கிருமியைக் கொண்டுவந்திருப்பார்களோ என்று பயம். கடலில் இறங்கியதும் அடைத்துவைக்க ஓர் இடம் வேண்டும். நாசா என்ன செய்தது தெரியுமா? ஓர் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, உள்காற்று வெளியே போகாதபடி மாற்றியது. அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸனே ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசினார். ஹூஸ்டன் போய்ச் சேரும்வரை அந்த மூவருக்கும் அதுதான் வீடு!

சரி, நம்ம ஊரில்?

மாதவரம் ரவுண்டானாவில் நின்று வடக்கே பாருங்கள். நீண்டு போகிறதே, அது ஜி.என்.டி. ரோடு. பெருவடக்குச் சாலை. தாம்பரம் பக்கம் ஜி.எஸ்.டி. எப்படியோ, இங்கே இது அப்படி. புழல், செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, தடா, சூளூர்ப்பேட்டை, நெல்லூர் என்று ஆந்திராவுக்குள் நுழைந்துவிடும். 2018-ல் ஆந்திரா பஸ்களுக்கென்றே மாதவரத்தில் இரண்டடுக்கு பஸ் நிலையம் திறந்ததும் இதனால்தான்.

இந்த ரோடு போய்ச் சேருகிற சீமையில், 1982-ல் ஒரு பழைய செவர்லே வேன் புறப்பட்டது. அதில் இருந்தவர் என்.டி.ராமராவ். பல வருடம் நம்ம சென்னையில் வாழ்ந்து, வடபழனி ஸ்டுடியோக்களில் 'பாதாள பைரவி', 'மாயா பஜார்' என்று நடித்துத் தெலுங்கு மக்களின் கிருஷ்ண பரமாத்மா ஆகிவிட்டவர். 1982 மார்ச் 29-ம் தேதி கட்சி ஆரம்பித்தார். கையில் அமைப்பு கிடையாது, கிளைகள் கிடையாது. டி.வி. பெட்டி ஊருக்கு ஒன்றுகூட இல்லாத காலம். ஜனங்களைப் பார்க்க ஒரே வழி, நேரில் போவது.

வேனை மாற்றினார்கள். மேலே ஏறி நின்று பேச வசதி, மைக், உள்ளே படுக்க இடம். 'சைதன்ய ரதம்' என்று பெயர். விழிப்புணர்ச்சித் தேர்! மகன் ஹரிகிருஷ்ணா டிரைவர். அப்பாவுக்குக் காக்கி உடை. லட்சங்களில் சம்பளம் வாங்கிய சூப்பர் ஸ்டார், ரோட்டோரம் குளித்தார், ரோட்டோரம் சாப்பிட்டார், வேனிலேயே தூங்கினார். சினிமாவில் தேரோட்டியாக வந்த கிருஷ்ணர், நிஜத்தில் தேரிலேயே குடியிருக்கிறார் என்றால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஆரத்தியோடு காத்துக் கிடந்தார்கள். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியது அந்த வண்டி. 1983 ஜனவரியில் தேர்தல். 294 இடங்களில் 200-க்கும் மேலே! கட்சி பிறந்து ஒன்பதே மாதத்தில், ஜனவரி 9-ம் தேதி, முதலமைச்சர் நாற்காலி.

பிறகு நாடு முழுக்க இது தொற்றிக்கொண்டது. 1990-ல் அத்வானியின் ரத யாத்திரைக்கு டொயோட்டா வண்டி தேரானது. நம்மூர்த் தலைவர்களுக்கும் படுக்கை, கழிப்பறை, கூரை வழியே மேலெழும்பும் மேடை எல்லாம் வைத்து பிரசார வேன்கள் வந்தன. கோயம்புத்தூர்ப் பட்டறைகள் இதில் கில்லாடிகள்.

என்.டி.ஆர். கதையில் நமக்கு ஒரு கிளைக்கதை உண்டு. ரோட்டோரம் குளித்தவர் முதலமைச்சராகி மூன்றே மாதத்தில், 1983 ஏப்ரலில், எம்.ஜி.ஆரோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். தெலுங்கு கங்கை! மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுத்து, 15 டி.எம்.சி. கிருஷ்ணா தண்ணீர் சென்னைக்கு என்பது திட்டம். மே மாதம் சென்னையில் தொடக்க விழா, பிரதமர் இந்திரா காந்தி வந்தார். பேச்சு 1970-களிலேயே ஆரம்பித்திருந்தாலும் வேலையில் இறங்கியது இந்த இரண்டு நடிகர்கள்தான். கால்வாய் வெட்டி, 1996-ல் தண்ணீர் பூண்டி ஏரியைத் தொட்டபோது எம்.ஜி.ஆரும் இல்லை, என்.டி.ஆரும் இல்லை. பூண்டியிலிருந்து அது வருகிற இடம் புழல் ஏரி. மாதவரத்துக்குப் பக்கத்து வீடு!

ஆக, தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் மாதவரத்தில் சக்கர வீட்டில் வாழ்கிறவனுக்கு வந்ததா? இங்கேதான் நிஜமான கதை ஆரம்பிக்கிறது.

அவன் யார் என்கிறீர்களா? லாரி டிரைவர்.

மாதவரத்தில் சி.எம்.டி.ஏ. அமைத்த லாரி முனையம் இருக்கிறது. சுற்றிலும் குடோன்கள், மணலி, எண்ணூர், துறைமுகம். வட இந்தியாவிலிருந்து சரக்கு கொண்டுவந்தவர் இறக்குவதற்காகக் காத்திருப்பார். இறக்கியவர் திரும்பிப் போக லோடுக்காகக் காத்திருப்பார். ஒரு நாளாகும், மூன்று நாளாகும். அதுவரை வீடு எது? வண்டிதான். சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை. அதில் டிரைவர். கிளீனருக்குக் கூரைமேல், இல்லாவிட்டால் வண்டிக்கு அடியில். பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தால் அடுப்பு, அரிசி, மசாலா டப்பா. ஓரத்தில் தண்ணீர்க் கேன். வாசலில் ஊதுபத்தி, சாமி படம், எலுமிச்சம்பழம். கரன்ட் கம்பி இல்லாமல், குழாய் இல்லாமல் வாழ்வது அமெரிக்காவில் சாகசம். இங்கே அது பிழைப்பு.

அந்தப் பலகை எங்கிருந்து வந்தது? எண்ணூரில் ரகுநந்தன் சரண் 1948-ல் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ், முதலில் ஆஸ்டின் கார்களைக் கோத்தது. பிறகு இங்கிலாந்தின் லேலண்டோடு கைகோத்து, 1951-ல் முதல் லேலண்ட் வண்டிகளாக நாலு காமெட் டிப்பர்களை மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலைக்கு விற்றது. 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. ஆனால், நம் நாட்டில் பல காலம் கம்பெனி விற்றது முழு லாரி இல்லை. சட்டம், எஞ்சின், முன்முகப்பு மட்டும். அதை ஒரு டிரைவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தலைக்குமேல் கூரையில்லாமல், வெயிலில் துண்டைச் சுற்றிக்கொண்டு பாடி கட்டுகிற ஊருக்கு ஓட்டிப்போவார். நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் ஆசாரிகள் மரமும் தகடும் வைத்து கேபின் கட்டுவார்கள். அலங்காரம் அபாரமாக இருக்கும். ஆனால் அதை வீடாக நினைத்து யாரும் அளவெடுக்கவில்லை. எஞ்சின் சூடு காலில் அடிக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்றது. ராத்திரி தங்க வேண்டிய இடத்தில் காற்றோட்டமான, சுத்தமான ஓய்வறை வேண்டும் என்றது. 1961! ஆம்ஸ்ட்ராங் நிலவுக்குப் போவதற்கு எட்டு வருடம் முன்பு.

இன்னொரு சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. பதிவான வண்டியைக் கம்பெனிக்காரன் சொன்ன அளவுக்கு மாறாக இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. பாதுகாப்புக்கு அது நியாயமே. கேரவன்களுக்கென்று தனித் தர விதி இருக்கிறது. 2021-ல் கேரளா கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. ஆக, வாரக்கடைசியில் இரண்டு ராத்திரி தூங்குகிற வண்டியில் கட்டில், தண்ணீர், கழிப்பறை எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்க ஆள் இருக்கிறது. வருடத்தில் பாதி நாள் தூங்குகிற வண்டிக்கு?

மெதுவாக ஏதோ நகர்கிறது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிறவற்றில், டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால் எஞ்சின் ஓடினால்தானே அந்த ஏ.சி. ஓடும்? லோடுக்காக நிற்கிற ராத்திரியில் டீசல் எரித்துத் தூங்க எந்த முதலாளி விடுவார்? அதோடு, ரோட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான பழைய வண்டிகளுக்கு இந்த விதி கிடையாது.

மேலே சொன்ன பேட்டரிக் கணக்கை இப்போது திரும்பப் பாருங்கள். கூரையில் ஒரு சோலார் தகடு, தனியாக ஒரு பேட்டரி, 12 வோல்ட் ஃபேன், ஆக்ஸிலை ஒட்டி 40 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. நிலவுக்குப் போகிற வித்தை ஒன்றும் இல்லை. நாமக்கல் ஆசாரிக்கு இரண்டு நாள் வேலை. வண்டியில் ஏற்ற முடியாத ஒன்றை, கழிப்பறையையும் குளியலறையையும், வண்டி நிற்கிற இடத்தில் சுத்தமாக வைத்தால் போதும். புழல் ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது.

டாக்டர் ஸ்டேபிள்ஸின் எடுபிடியை ஞாபகம் இருக்கிறதா? மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போனாரே... அவர் பெயர் ஃபோலி. எஜமானர் அவரைத் தன் புத்தகத்தில் எழுதியதால் நமக்குத் தெரியும். மாதவரத்தில் இன்றைக்கு ராத்திரி பலகையில் சுருண்டு படுக்கப் போகிற டிரைவர் யார் புத்தகத்திலும் இல்லை. ஆனால் நீங்கள் நாளைக் காலையில் கடையில் வாங்கப்போகிற பருப்பும் சோப்பும் அவர் வீட்டில் ஏறித்தான் வந்திருக்கும்!